ஸ்டேஷன் வந்தால் ஊர் வந்துவிடுமா?

2001 செப்டம்பர் 10, திங்கட்கிழமை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள போர்ட்லண்ட் நகரத்தின் மேக்ஸ் என்ற இலகு ரயில் அன்றுதான் விமான நிலையம் வரை ஓடத் தொடங்கியது. வழியில் இரண்டு புது நிலையங்கள், அவற்றைச் சுற்றி 120 ஏக்கர் காலி நிலம். பாதை போடும் செலவில் ஒரு பங்கை பெக்டெல் என்ற கட்டுமான நிறுவனம் ஏற்றுக்கொண்டு, பதிலுக்கு இந்த 120 ஏக்கரில் கட்டடம் எழுப்பும் உரிமையைப் பெற்றிருந்தது. அலுவலகங்கள், ஹோட்டல்கள், கடைகள், நடுவே நடைபாதைகள் என்று வரைபடம் தயாராக இருந்தது. ரயிலில் இறங்கி நடந்தே ஆபீஸ் போகலாம் என்பது திட்டம்.

மறுநாள் செப்டம்பர் 11. நியூயார்க்கில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். விமானப் பயணம் படுத்துவிட்டது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஹோட்டலும் ஆபீசும் கட்ட யாருக்கும் தைரியம் வரவில்லை. வருடக்கணக்கில் அந்த நிலையங்களைச் சுற்றி வெறும் புல்தான். கடைசியில் 2005-ல் நகர நிர்வாகம் விதிகளைத் தளர்த்திப் பெரிய பெட்டிக் கட்டடக் கடைகளையும் அனுமதித்தது. 2007-ல் ஐகியா வந்தது. மேசை நாற்காலி விற்கும் பிரம்மாண்டமான நீலப் பெட்டி, முன்னால் கடல் மாதிரி கார் நிறுத்துமிடம். ஓரிகனில் விற்பனை வரி கிடையாது என்பதால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வாஷிங்டன் மாநிலத்திலிருந்தும் காரில் வந்து அள்ளிக்கொண்டு போகிறார்கள். கட்டில் வாங்கியவர் அதைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறுவாரா என்ன?

ஆக, ரயில் இருக்கிறது, நிலையம் இருக்கிறது, பக்கத்திலேயே கட்டடமும் இருக்கிறது. ஆனாலும் முதலில் நினைத்தது நடக்கவில்லை. அந்த நினைப்பு என்ன, அது எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். இதற்குப் போர்ட்லண்டை விட நல்ல பாடசாலை எனக்குத் தெரியவில்லை. ஒரே நகரம், ஒரே ரயில் அமைப்பு. அதில் தேறியதும் உண்டு, தோற்றதும் உண்டு, பாதி தேறியதும் உண்டு.

பெயரும் பொருளும்

அரசு ஆவணங்களில் இதற்குப் ‘போக்குவரத்து சார்ந்த மேம்பாடு’ என்று பெயர். ஆங்கிலத்தில் ‘டிரான்சிட் ஓரியன்டட் டெவலப்மென்ட்’, சுருக்கமாக டிஓடி. எனக்கு அந்தத் தமிழ்ப் பெயரில் அவ்வளவு திருப்தி இல்லை. கார் ஓடுவதும் போக்குவரத்துதானே? புறவழிச் சாலையை ஒட்டி முளைக்கும் மால்கூட அந்தப் பெயருக்குள் அடங்கிவிடும். ‘நிலையத்தை மையமாக வைத்து வளரும் ஊர்’ என்றால் விஷயம் இன்னும் தெளிவாக இருக்கும்.

நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்துக்குள் வீடு, கடை, ஆபீஸ், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் நெருக்கமாகக் கலந்து வைப்பது, அங்கே நடப்பதைச் சுகமான காரியமாக ஆக்குவது, அதன் மூலம் அன்றாட வேலை பெரும்பாலானவற்றைக் கார் எடுக்காமலே முடிக்க வைப்பது. இவ்வளவுதான் அதன் சாரம். ரயிலுக்குப் பயணி கிடைக்கிறார், கடைக்கு வாடிக்கையாளர் கிடைக்கிறார், வீட்டுக்காரருக்கு இரண்டாவது கார் வாங்கும் செலவு மிச்சம்.

கலிபோர்னியாவைச் சேர்ந்த பீட்டர் கால்தோர்ப் என்ற கட்டடக் கலைஞர் 1990-களின் தொடக்கத்தில் இந்தப் பெயரைப் பரப்பினார். பெயர்தான் புதிது, விஷயம் புதிய மொந்தையில் பழைய கள். நூறு வருடத்துக்கு முன்னால் அமெரிக்க நகரங்களில் மனை விற்கிறவர்களே டிராம் பாதை போட்டார்கள். டிராம் நிற்கிற இடத்தில் நாலு கடை, அதற்குப் பின்னால் வரிசையாக வீடு. பிறகு கார் வந்தது, டிராம் போனது, ஊர் பரந்து விரிந்தது. மறந்துபோன பழக்கத்தை மறுபடி கற்றுக்கொள்ளும்போது அதற்கு ஒரு பெயர் தேவைப்பட்டது.

இலகு ரயில் என்பதையும் ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். தண்டவாளம் இலேசானது என்று அர்த்தமில்லை. மெட்ரோ ரயிலைவிடக் குறைவான ஆட்களை ஏற்றும், மேலே மின்கம்பி, ஊருக்குள் தெருவிலேயே ஓடும், சிக்னலில் நிற்கும், ஊருக்கு வெளியே தனிப் பாதையில் வேகம் பிடிக்கும். போர்ட்லண்டின் மையப் பகுதியில் ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் இடையே 200 அடிதான். ரயில் அதைவிட நீளமாக இருந்தால் நிற்கும்போது குறுக்குத் தெருவை அடைத்துக்கொள்ளும். அதனால் மேக்ஸ் ரயிலில் இரண்டு பெட்டிக்கு மேல் கிடையாது. நூறு வருடத்துக்கும் முன்னால் யாரோ அளந்து போட்ட தெரு, இன்றைக்கு எத்தனை பேர் ரயிலில் போகலாம் என்பதைத் தீர்மானிக்கிறது!

பயணிகள் குறைவு என்பது பலவீனம்தான். ஹாங்காங் மெட்ரோ நிலையத்தின் தலைமேல் நிற்கிற மாதிரி 50 மாடிக் கோபுரங்களை இங்கே எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஒரு பெரிய வசதி உண்டு. இலகு ரயிலின் பிளாட்பாரம் என்பது கொஞ்சம் உயர்த்திப் போட்ட நடைபாதை, அவ்வளவே. பெரும்பாலும் படிக்கட்டு இல்லை, எஸ்கலேட்டர் இல்லை. கதவு திறந்தால் நேரே தெரு. அந்தத் தெரு எப்படி இருக்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

வட்டத்துக்குள் எவ்வளவு ஊர்?

நகரத் திட்டமிடுவோர் நிலையத்தை மையமாக வைத்து இரண்டு வட்டம் போடுவார்கள். ஒன்று 400 மீட்டர் ஆரம். ஐந்து நிமிட நடை. இன்னொன்று 800 மீட்டர். பத்து நிமிட நடை. அதற்கு மேல் போனால் ஆட்கள் கார் சாவியைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

சின்ன வட்டத்துக்குள் சுமார் 124 ஏக்கர் வரும். பெரிய வட்டத்துக்குள் சுமார் 500 ஏக்கர். ஆரம் இரட்டிப்பானால் பரப்பு நான்கு மடங்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் காகிதத்தில் போட்ட வட்டம் தரையில் வட்டமாக இருப்பதில்லை. முட்டுச் சந்துகளாகப் போட்ட குடியிருப்பில், ஜன்னலைத் திறந்தால் தெரிகிற நிலையத்துக்கு ஒரு கிலோமீட்டர் சுற்றிப் போக வேண்டியிருக்கும். நடுவில் ஒரு மதில் சுவர் இருந்தாலே போதும், 400 மீட்டர் 1,200 மீட்டர் ஆகிவிடும்.

போர்ட்லண்டின் முதல் மேக்ஸ் பாதையே இதற்கு உதாரணம். 1986 செப்டம்பரில் நகர மையத்திலிருந்து கிழக்கே கிரெஷம் வரை 24 கிலோமீட்டர் ஓடத் தொடங்கிய அந்தப் பாதை, வழியில் ஒரு நல்ல பங்கு பான்ஃபீல்ட் நெடுஞ்சாலையை ஒட்டியே போகிறது. பாதை போட அது எளிய வழி. நிலம் கையகப்படுத்தும் தலைவலி குறைவு. ஆனால் அங்கே இறங்கிப் பார்த்தால், பள்ளத்தில் நிலையம், பக்கத்தில் இரைச்சலோடு பறக்கும் கார்கள். வட்டத்தின் பெரிய துண்டை நெடுஞ்சாலையே விழுங்கிவிடுகிறது. மிச்சமிருக்கும் பக்கத்தில் குடியிருப்பவர்கூட நிலையத்துக்கு வர மேம்பாலத்தில் நடந்து இறங்க வேண்டும். ரயில் பாதைக்கு மலிவான இடமும் ஊர் வளர நல்ல இடமும் ஒன்றாக அமைவது அபூர்வம். இந்த ஒரு விஷயத்தைப் பாதை போடுவதற்கு முன்னால் யோசிக்கவில்லை என்றால், பிறகு எவ்வளவு கொட்டினாலும் சரிசெய்ய முடியாது.

போர்ட்லண்டுக்கு ஏன் இந்த யோசனை வந்தது?

1970-களில் அந்த ஊரில் மவுண்ட் ஹூட் என்ற பெயரில் இன்னொரு நெடுஞ்சாலை போடும் திட்டம் இருந்தது. தென்கிழக்குப் பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை இடித்துத் தள்ள வேண்டிய திட்டம். மக்கள் எதிர்த்தார்கள். 1974-ல் நகர நிர்வாகம் வேண்டாம் என்று முடிவெடுத்தது. நெடுஞ்சாலைக்கு ஒதுக்கிய பணத்தைப் பொதுப் போக்குவரத்துக்கு மாற்றிக்கொள்ள 1973-ல் வந்த மத்திய அரசுச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. அந்தப் பணத்தில் ஒரு பகுதிதான் 1986-ல் ரயிலாக ஓடியது.

இன்னொன்றும் நடந்தது. டாம் மெக்கால் ஆளுநராக இருந்தபோது, 1973-ல், ஓரிகன் மாநிலம் ஒரு நிலப் பயன்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி ஒவ்வொரு நகரமும் தன்னைச் சுற்றி ஓர் எல்லைக்கோடு போட வேண்டும். கோட்டுக்கு உள்ளே ஊர். வெளியே விவசாயமும் காடும். போர்ட்லண்ட் வட்டாரத்துக்கான கோடு 1979-ல் வந்தது. வெளியே பரவ முடியாது என்றால் உள்ளேதான் நெருங்க வேண்டும். எங்கே நெருங்குவது? ரயில் நிலையங்களைச் சுற்றி. கோடு இல்லாமல் ரயிலை மட்டும் போட்டிருந்தால், ஜனங்கள் மலிவான நிலம் தேடி இன்னும் தள்ளிப் போயிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஓரென்கோவில் இறங்குவோம்

1998-ல் மேக்ஸ் மேற்கே ஹில்ஸ்போரோ வரை நீண்டது. அப்போது அந்தப் பக்கம் பல இடங்களில் வயலும் வெற்று நிலமும்தான். ரயில் வருவதற்கு முன்பே நிலையங்களைச் சுற்றிய நிலத்துக்கான விதிகளை மாற்றி எழுதினார்கள். வழக்கமாக விதிகள் ‘இவ்வளவுக்கு மேல் கட்டாதே’ என்று சொல்லும். இங்கே ‘இவ்வளவுக்குக் கீழே கட்டாதே’ என்றார்கள். ஒரு ஏக்கரில் இரண்டு பங்களா கட்டிவிட்டுப் போக முடியாது.

அப்படி வந்ததுதான் ஓரென்கோ. பெயருக்குப் பின்னால் ஒரு சின்னக் கதை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓரிகன் நர்சரி கம்பெனி என்ற நாற்றுப் பண்ணை தன் தொழிலாளர்களுக்காக அமைத்த ஊர் அது. கம்பெனியின் பெயரிலிருந்து எழுத்துகளைப் பொறுக்கிச் சேர்த்தால் ஓரென்கோ. பண்ணை போய்விட்டது. பிறகு அந்த வட்டாரத்துக்கு இன்டெல் வந்தது, சிப் தொழிற்சாலைகள் வந்தன. இன்றைக்கு அங்கே தமிழ்க் குடும்பங்களும் நிறைய உண்டு.

ரயிலை விட்டு இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், 2000-ஆம் ஆண்டு வாக்கில். ஊர் எங்கே? எதிரே கார் நிறுத்துமிடமும் காலி மனையும். வடக்கே நேராக ஒரு சாலை போகிறது. அதில் சுமார் 400 மீட்டர் நடந்தால்தான் கார்னெல் சாலை என்ற பெரிய சாலையில் கடைவீதி வருகிறது. அங்கே போனதும் காட்சி மாறுகிறது. கட்டடங்கள் நடைபாதை விளிம்பு வரை வந்து நிற்கின்றன. கீழே காபிக் கடை, உணவகம், மேலே வீடு. கார் நிறுத்த இடம் உண்டு, ஆனால் கட்டடத்துக்குப் பின்னால். அடுத்த தெருவுக்குள் திரும்பினால் சின்னச் சின்ன மனைகளில் நெருக்கமாக வீடுகள். முன்பக்கம் திண்ணை மாதிரி ஒரு தாழ்வாரம். கார் கொட்டகை எல்லாம் பின் சந்தில். அமெரிக்கப் புறநகர்த் தெருவில் நடந்தால் பொதுவாக வீட்டைவிடக் கார் கொட்டகையின் கதவுதான் முகத்தில் அறையும். இங்கே மனிதர் முகம் தெரிகிறது.

நிலையத்தை ஒட்டி வளரும் ஊர் என்று சொல்லிவிட்டுக் கடைவீதியை ஏன் ஐந்து நிமிடம் தள்ளி வைத்தார்கள்? பலர் இதைக் கேலி செய்திருக்கிறார்கள். ஆனால் கட்டியவர்கள் கணக்குப் போட்டுத்தான் செய்தார்கள். இலகு ரயில் நிலையம் ஒன்றில் இறங்கி ஏறுகிறவர்களை மட்டும் நம்பிக் கடை திறந்தால், காபிக் கடைகூடத் தாங்காது. கார்னெல் சாலையில் போகும் கார்க்காரர்களும் நின்று வாங்கினால்தான் கடைக்காரர் வாடகை கட்ட முடியும். கொள்கைக்கு இது கொஞ்சம் கசப்பு. ஆனால் கடை பிழைத்தது. கடை பிழைத்ததால் சுற்றியிருப்பவர்கள் நடந்து வர ஓர் இடம் கிடைத்தது.

சரி, அங்கே குடியிருப்பவர்கள் காரை விட்டார்களா? லூயிஸ் அண்ட் கிளார்க் கல்லூரியின் சமூகவியலாளர் புரூஸ் போடோப்னிக் அந்தக் குடியிருப்பாளர்களிடம் கணக்கெடுப்பு நடத்தினார். மற்ற புறநகர்க் குடியிருப்புகளோடு ஒப்பிட்டால் ஓரென்கோக்காரர்கள் அதிகம் நடக்கிறார்கள், ரயிலையும் பஸ்ஸையும் அதிகம் எடுக்கிறார்கள், அக்கம்பக்கத்தில் பேச்சுவார்த்தையும் அதிகம். ஆனால் வேலைக்குப் போவது? பெரும்பாலோர் தனியாகக் காரில்தான்.

இதைப் பிடித்துக்கொண்டு ‘பார்த்தீர்களா, எல்லாம் வெற்று வேஷம்’ என்றவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ரயில் பயணத்துக்கு இரண்டு முனை இருக்கிறது. வீட்டு முனையில் நிலையத்துக்குப் போக நடக்கலாம், சைக்கிள் எடுக்கலாம், யாராவது கொண்டுபோய் விடலாம். ஆபீஸ் முனையில் இறங்கிய பிறகு கையில் ஒரு வண்டியும் கிடையாது; கால்தான். இன்டெல் தொழிற்சாலை வளாகமோ நிலையத்திலிருந்து சுகமாக நடந்து போகிற தூரத்தில் இல்லை, சுற்றிலும் அகலச் சாலைகள். அப்படியிருக்க, வீட்டை மட்டும் நிலையத்துக்குப் பக்கத்தில் வைத்து என்ன பயன்? புதிதாக இந்த விஷயத்தைப் படிக்கிறவர்கள் அடுக்குமாடி வீடுகளையே பார்க்கிறார்கள். வேலை இருக்கும் இடம் நிலையத்துக்கு அருகில் இருப்பது அதைவிட முக்கியம் என்பது என் கட்சி.

ஏக்கருக்கு எத்தனை வீடு?

நெருக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்கு மூச்சு முட்டும். எண்ணில் பார்த்தால் பயம் குறையும். 1977-ல் போரிஸ் புஷ்கரேவ், ஜெஃப்ரி ஜூபன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கணக்குச் சொன்னார்கள்: இலகு ரயில் கட்டுப்படியாக, பாதை நெடுக ஏக்கருக்குச் சராசரியாக 9 வீடாவது வேண்டும். நம் அளவையில் ஒரு ஏக்கர் என்றால் 18 கிரவுண்டு. ஆக, ஒரு வீட்டுக்கு 2 கிரவுண்டு! நமக்கு அது பங்களா. அமெரிக்கப் புறநகருக்கு அதுவே நெருக்கம்.

ஆனால் இது பாதை முழுவதற்குமான குறைந்தபட்சச் சராசரி. நிலையத்துக்குப் பக்கத்தில் அதைவிடப் பல மடங்கு வேண்டும். போர்ட்லண்டில் பேர்ல் டிஸ்ட்ரிக்ட் என்ற பகுதியில் நடந்த பேரம் எனக்கு மிகவும் பிடிக்கும். பழைய சரக்கு ரயில் யார்டு அது; மேலே லவ்ஜாய் என்ற மேம்பாலம் நிழல் போட்டுக்கொண்டிருந்தது. நிலத்தை வாங்கிய கட்டுமானத் தரப்பும் நகர நிர்வாகமும் 1990-களின் இறுதியில் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. அப்போதைய விதிப்படி ஏக்கருக்குக் குறைந்தது 15 வீடு கட்டினால் போதும். நகரம் மேம்பாலத்தை இடித்தால் கட்டுபவர் 87 வீடு கட்ட வேண்டும். டிராம் பாதை வேலை தொடங்கினால் 109. முதல் பூங்கா அமைந்தால் 131.

இதன் அழகைக் கவனியுங்கள். நீ ஒரு படி ஏறு, நான் ஒரு படி ஏறுகிறேன் என்ற பேச்சு. அரசாங்கம் பூங்காவைப் போட்டுவிட்டுக் கட்டுபவர் மனம் வைக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. கட்டுபவரும் கட்டிவிட்டு ரயில் வருமா என்று வானத்தைப் பார்க்கவில்லை. டிராம் 2001 ஜூலையில் ஓடியது. அது இலகு ரயிலுக்குத் தங்கை. பெட்டி சிறியது, வேகம் குறைவு. செலவில் பெரும் பங்குக்கு நகர நிர்வாகம் தன் கார் நிறுத்தக் கட்டடங்களின் வருமானத்தை வைத்துக் கடன் பத்திரம் வெளியிட்டது. கார்க்காரர் கட்டிய காசில் டிராம்! பாதையை ஒட்டிய சொத்துக்காரர்களும் ஒரு தனி வரி கட்டினார்கள். ரயில் வந்தால் நிலத்தின் விலை ஏறும். ஏறுவதில் ஒரு பங்கை ரயிலுக்கே திருப்பிக் கொடு என்பதுதான் அந்த வரியின் தர்க்கம்.

இதே ஏக்கரை வேறு மாதிரியும் பயன்படுத்தலாம். பயணிகள் காரை நிறுத்திவிட்டு ரயில் ஏறுவதற்காக நிலையத்தின் வாசலிலேயே நிறுத்துமிடம் அமைப்பது அமெரிக்காவில் சாதாரணம். ஒரு கார் நிற்க, திரும்ப, வழி விட என்று சுமார் 325 சதுர அடி ஆகும். ஆக, ஏக்கருக்கு 130 சொச்சம் கார். காலையில் ஒரு ஆளை இறக்கிவிட்டு மாலை வரை வெயில் காயும் 130 கார், அல்லது பேர்ல் கணக்கில் 131 வீடு. ஒரே நிலம். நிலைய வாசல் என்பது அந்த வட்டாரத்திலேயே விலைமதிப்பான மண். அதில் காரைத் தூங்க வைப்பது நெல் விளையும் வயலில் செங்கல் சூளை போடுகிற மாதிரி.

கட்டடங்களுக்கும் இதே வியாதி உண்டு. வீட்டுக்கு இத்தனை கார் இடம் கட்டாயம் என்று விதி இருந்தால், நிலையத்துக்குப் பக்கத்தில் குடிவரும் கார் இல்லாதவரும் அந்த இடத்துக்கான செலவை வாடகையில் சேர்த்துத்தான் கட்டுகிறார். போர்ட்லண்ட் 2023-ல் நகரம் முழுவதும் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. வேண்டுபவர் கட்டிக்கொள்ளலாம்; கட்டியே ஆக வேண்டும் என்பது இல்லை.

கட்டுப்படியாகாத மாடி

விதி எழுதிவிட்டால் கட்டடம் எழும்பிவிடுமா? பீவர்ட்டனைக் கேட்க வேண்டும். போர்ட்லண்டுக்கு மேற்கே அந்த ஊரில், பழைய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருந்த இடத்தில், ரயில் நிலையத்தைச் சுற்றி அரைவட்டமாகக் கட்டடங்கள், நடுவில் சதுக்கம் என்று ‘தி ரவுண்ட்’ என்ற திட்டம் 1990-களில் தொடங்கியது. படத்தில் இத்தாலிய ஊர் மாதிரி இருந்தது. கட்டியவர்களிடம் பணம் தீர்ந்தது. பாதியில் நின்ற கட்டடக் கூடு வருடக்கணக்கில் ரயில் பயணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு வேறு கைகளுக்கு மாறி, கொஞ்சம் கொஞ்சமாக, வேறு வடிவில் நிரம்பியது.

காரணம் எளிய கணக்குதான். புறநகரில் வாடகை குறைவு. அந்த வாடகைக்கு இரண்டு மாடி மரக் கட்டடமும் தரையில் கார் நிறுத்தமும் கட்டுப்படியாகும். நான்கைந்து மாடி, லிஃப்ட், கீழே கடை, அடித்தளத்தில் கார் நிறுத்தம் என்றால் செலவு எகிறும், வாடகை எகிறாது. இந்த இடைவெளியை அடைக்கத்தான் வட்டார அரசு 1990-களின் பிற்பாதியில் ஒரு திட்டம் ஆரம்பித்தது. (அந்த அரசின் பெயரே ‘மெட்ரோ’. ரயிலுக்கும் அதற்கும் பெயர்க் குழப்பம் வேண்டாம். அது தேர்தலில் தேர்ந்தெடுக்கப்படும் வட்டார நிர்வாகம்.) நிலையங்களுக்குப் பக்கத்தில் நிலத்தை வாங்கி வைப்பது, கூடுதல் மாடி கட்ட ஆகும் உபரிச் செலவில் ஒரு பங்கைக் கொடுப்பது என்று அது இயங்குகிறது. தொகை பெரிதல்ல. ஆனால் இரண்டு மாடியோடு நிற்க இருந்தவரை நான்காவது மாடிக்குத் தள்ளிவிட அது போதும்.

யாருடைய ஊர்?

இதுவரை சொன்னதெல்லாம் காலி நிலமும் பழைய யார்டும். ஆட்கள் ஏற்கெனவே வாழ்கிற இடத்துக்கு ரயில் வந்தால்?

2004 மே மாதம் மேக்ஸ் மஞ்சள் பாதை வடக்கு போர்ட்லண்டில் இன்டர்ஸ்டேட் அவென்யூ வழியாக ஓடத் தொடங்கியது. அதை ஒட்டிய அல்பினா பகுதி நகரத்தின் கறுப்பின மக்கள் குவிந்து வாழ்ந்த இடம். குவிந்து வாழ்ந்ததும் விருப்பத்தால் அல்ல. வேறு இடத்தில் அவர்களுக்கு வீடு விற்க மறுத்த காலத்தில் அங்கேதான் ஒதுங்க முடிந்தது. அப்புறம் அங்கேயும் விடவில்லை. 1950-களில் விளையாட்டு அரங்கத்துக்காக இடித்தார்கள், 1960-களில் நெடுஞ்சாலைக்காக இடித்தார்கள், 1970-களில் மருத்துவமனை விரிவாக்கத்துக்காக நூற்றுக்கணக்கான வீடுகளை இடித்தார்கள். இந்த ரணத்தின் மேல்தான் ரயில் வந்தது.

ரயிலுக்காக யாரையும் பெரிய அளவில் இடித்து விரட்டவில்லை என்பது உண்மை. வாடகைதான் விரட்டியது. நிலையம், புது நடைபாதை, மரம், காபிக் கடை என்று வரவர நிலத்தின் விலை ஏறியது. சொந்த வீடு உள்ளவர் விற்றுவிட்டுப் போனார். வாடகைக்கு இருந்தவருக்கு விற்கவும் ஒன்றுமில்லை. பலர் கிழக்கே, ரயிலும் பஸ்ஸும் குறைவான ஓரப் பகுதிகளுக்குப் போனார்கள். கார் வாங்க வசதியில்லாதவருக்காகத்தான் பொதுப் போக்குவரத்து என்கிறோம். அவரையே நிலையத்திலிருந்து தள்ளி அனுப்பிவிட்டுக் கார் வைத்திருப்பவரைக் கொண்டுவந்து குடிவைப்பதில் ரயிலுக்கும் லாபமில்லை. நல்ல நடைபாதை போடக் கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. விலை ஏறுவதற்கு முன்னால், நிலம் மலிவாக இருக்கும்போதே, கட்டுப்படியாகும் வாடகை வீடுகளுக்கென்று மனையை வாங்கிப் போட்டிருக்க வேண்டும். ஏறிய பிறகு வாங்கப் போனால் அதே பணத்துக்குப் பாதி வீடுகூடத் தேறாது.

போர்ட்லண்ட் இதைப் பிந்தித்தான் உணர்ந்தது. 2014-க்குப் பிறகு வடக்கு, வடகிழக்குப் பகுதிகளில் நகர நிதியில் கட்டும் வீடுகளுக்கு ஒரு முன்னுரிமை முறை வந்தது. நகர நடவடிக்கைகளால் அந்தப் பகுதியிலிருந்து வெளியேற நேர்ந்தவர்களுக்கு, அவர்கள் பிள்ளைகளுக்கு, பேரப்பிள்ளைகளுக்கு வரிசையில் முன்னிடம். தாத்தா வீடு இருந்த தெருவுக்குப் பேத்தி வாடகைக்குத் திரும்பி வரலாம். தாத்தாவின் வீடு சொந்த வீடாக இருந்தது என்பதை மறந்துவிட வேண்டாம்.

ஓரென்கோவில் 400 மீட்டர் நடந்தோமே, அந்த வழியில் நிலையத்துக்கு எதிரே இருந்த காலி மனை என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும். 2013 வாக்கில்தான் அங்கே வேலை தொடங்கியது. சில வருடங்களில் பிளாட்பாரத்தை ஒட்டிப் பல மாடிக் குடியிருப்புகள், கீழே கடைகள், ஒரு சதுக்கம் என்று வந்தன. பக்கத்திலேயே குறைந்த வருமானக்காரர்களுக்கென்று, மிகக் குறைந்த மின்சாரத்தில் குளிரும் வெயிலும் தாங்கும்படி கட்டிய வாடகை வீடுகளும் 2015-ல் திறந்தன. இப்போது இறங்குகிறவருக்கு ஊர் எங்கே என்று தேட வேண்டியதில்லை. 1998-ல் கதவு திறந்த ரயிலுக்கு எதிரே ஊர் வந்து நிற்கப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.